மருந்துக் கடைக்குப் போகும் முன்: மக்காச்சோள வயலில் அறிகுறி பார்த்துக் கோளாறு கண்டுபிடித்தல்

சேலம் மாவட்டத்து ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லி, பெத்தநாயக்கன்பாளையம் வட்டாரத்தில் மக்காச்சோளம் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாழப்பாடி முதல் சேர்வராயன் மலை அடிவாரம் வரைக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஒரே ஒரு இலையைக் கிள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய், "இதற்கு என்ன அடிக்கலாம்?" என்று கேட்பது நம் ஊர் வழக்கம். கடைக்காரர் கண்ணில் படுவது அந்த இலை மட்டும்தான். அவர் ஒரு புழு மருந்து, ஒரு பூஞ்சாண மருந்து, ஒரு டானிக் என்று மூன்றையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிடுவார். பயிர் தேறினால் எதனால் தேறியது என்று தெரியாது. தேறாவிட்டால் அடுத்த வாரம் வேறு மூன்று பாட்டில்.

செடியைப் பார்ப்பதற்கு முன் வரப்பில் நின்று வயல் முழுவதையும் பாருங்கள். கோளாறு எந்த வடிவத்தில் பரவியிருக்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. சால் சாலாக நீளவாக்கில் மஞ்சள் ஓடினால் உரம் போட்ட கையையோ களைக்கொல்லி தெளித்த விசைத்தெளிப்பானையோ சந்தேகப்படுங்கள். பள்ளமான மூலையில் மட்டும் என்றால் தண்ணீர் தேங்குகிறது. பக்கத்து வயல் ஓரத்தில் ஆரம்பித்து உள்ளே வருகிறது என்றால் பூச்சி அல்லது மருந்துச் சாரல். நல்ல செடிகளுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒற்றைச் செடி நோஞ்சானாக நின்றால் நோய், அல்லது விதை. வயல் முழுக்க ஒரே சீராக என்றால் மண்ணிலோ விதையிலோ வானிலையிலோ காரணம் தேட வேண்டும்.

அடுத்தது, கோளாறு கீழ் இலையிலா குருத்திலா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் பார்த்துக்கொண்டு கீழே உங்கள் அறிகுறி எங்கே வருகிறது என்று தேடுங்கள்.

முளைப்பு பொக்கை பொக்கையாக இருக்கிறது

விதைத்த எட்டாம் நாள் வரிசையில் இடைவெளி தெரிந்தால் உட்கார்ந்து தோண்டிப் பாருங்கள். விதையே இல்லை என்றால் மயிலோ அணிலோ காக்கையோ எடுத்திருக்கிறது. முளைத்த இளஞ்செடி பிடுங்கிப் போடப்பட்டுக் கிடந்தால் அதே கூட்டம்தான். விதை இருக்கிறது, முளை சுருண்டு மண்ணுக்குள்ளேயே நிற்கிறது என்றால் ஆழமாகப் போய்விட்டது, அல்லது மழைக்குப் பின் செம்மண் மேலே ஓடாக இறுகிவிட்டது. நான்கு சென்டிமீட்டர் ஆழம் போதும். முளையின் நுனி கருகியிருந்தால் அடியுரம் விதையைத் தொட்டிருக்கிறது.

60-க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 27,000 செடி நிற்க வேண்டும். விதை எட்டுக் கிலோ. பொக்கை விழுந்த இடத்தில் பத்து நாள் கழித்து ஊன்றிய விதையால் பயன் இல்லை. முன்னால் முளைத்தவை நிழல் கட்டிவிடும். பின்னால் வந்தது உரத்தையும் நீரையும் தின்று, கதிர் இல்லாத தட்டையாக நிற்கும். மக்காச்சோளத்தில் தாமதமாக வந்த செடி களைக்குச் சமம். நிரப்புவதானால் முளைப்பு தெரிந்த இரண்டு மூன்று நாளுக்குள் செய்துவிடுங்கள்.

ஊடுபயிர் முளைக்கவில்லை

குருத்தைத் தின்னும் படைப்புழுவுக்குத் தடுப்பாக வரப்பில் தட்டைப்பயறும் எள்ளும் போடச் சொல்கிறார்கள். நல்ல யோசனை. ஆனால் விதைத்த மூன்றாம் நாள் வழக்கம்போல அட்ரசின் களைக்கொல்லியைத் தெளித்துவிட்டால் மக்காச்சோளம் நிற்கும், பயறு வராது. பயறு வகை ஊடுபயிர் உண்டென்றால் அட்ரசினுக்குப் பதிலாகப் பெண்டிமெத்தலின்.

இலை மஞ்சளாகிறது

மஞ்சள் என்று சொன்னால் எதுவும் சொன்னதாகாது. எந்த இலை, இலையின் எந்தப் பகுதி?

முதிர்ந்த கீழ் இலையின் நுனியில் தொடங்கி நடு நரம்பு வழியாகக் கவிழ்ந்த கூம்பு போல உள்ளே ஏறினால் தழைச்சத்து போதவில்லை. கனமழைக்கு இரண்டு வாரம் கழித்து இது வந்தால் யூரியா கரைந்து போய்விட்டது என்று கொள்ளலாம். இறவை வீரிய ஒட்டுப் பயிருக்கு ஏக்கருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து 100, 30, 30 கிலோ என்பது கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரையின் கணக்கு. தழைச்சத்தில் கால் பங்கு அடியுரம், பாதி 25-ஆம் நாள், மீதிக் கால் 45-ஆம் நாள். நம்மில் பலர் செய்வது இரண்டே தவணை. அதிலும் மழை வரும் என்று பார்த்து ஒரே நாளில் மொத்தத்தையும் போட்டுவிடுகிறோம்.

அதே கீழ் இலையில், நடுப்பகுதி பச்சையாக இருக்க, இரு ஓரங்களும் தீய்ந்ததுபோல் காய்ந்தால் சாம்பல் சத்துக் குறை. நம் மாவட்டத்தில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு: மரவள்ளி. பத்து மாதம் நின்ற மரவள்ளிக் கிழங்கு மண்ணிலிருந்து பொட்டாஷை, அதாவது சாம்பல் சத்தை, வாரிக்கொண்டு ஜவ்வரிசி ஆலைக்குப் போய்விடுகிறது. அந்த நிலத்தில் டி.ஏ.பி.யும் யூரியாவும் மட்டும் போட்டுச் சோளம் வைப்பவர்கள்தான் பூத்த பிறகு செடி சாய்கிறது என்று புலம்புகிறார்கள். அந்தச் சாய்வைப் பற்றிக் கீழே வருகிறேன்.

குருத்திலிருந்து விரியும் புது இலையில், நடு நரம்புக்கு இரு பக்கமும் அடிப்பகுதியில் அகலமான வெள்ளைப் பட்டை தெரிந்தால் துத்தநாகக் குறை. முளைத்த இரண்டு மூன்று வாரத்தில் தெரியும். சுண்ணாம்பு கலந்த மண்ணில் துத்தநாகம் இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. அடியுரத்தோடு ஏக்கருக்குப் பத்து முதல் பதினைந்து கிலோ துத்தநாக சல்பேட் இட்டால் பிரச்சினையே வராது. மணலோடு கலந்து தூவுங்கள், டி.ஏ.பி.யோடு கலக்காதீர்கள், இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். தவறவிட்டவர்கள் அரை சதவீதக் கரைசலாக இலைவழி கொடுக்கலாம். புது இலையில் நரம்பு பச்சையாகவும் இடைவெளி வெளிறியும் நுனி வரை மெல்லிய கோடுகள் ஓடினால் இரும்புக் குறை. இளஞ்செடி ஊதா நிறம் காட்டினால் பதறவேண்டாம். குளிரிலும் ஈரத்திலும் வேர் மணிச்சத்தை எடுக்க முடியாமல் இருக்கிறது. வெயில் அடித்தால் பெரும்பாலும் தானாகத் தெளிந்துவிடும்.

செடி வெளிறி, இலை குறுகி, விறைப்பாக நிற்கிறது

இதைத் துத்தநாகக் குறை என்று நினைத்து டானிக் அடித்தே நாற்பது நாளைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர். ஒற்றை ஒற்றைச் செடியாக, அக்கம் பக்கத்துச் செடிகள் நன்றாக இருக்க, இதுமட்டும் வெளிறி நிற்கிறதா? விடிந்ததும் வயலுக்குப் போங்கள். வெயில் ஏறிய பிறகு போனால் பயனில்லை. பனி ஈரம் காயும் முன் அந்த இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். மாவு தூவியதுபோல் வெண்பூச்சு தெரிந்தால் அது அடிச்சாம்பல் நோய். விரலால் தடவினால் ஒட்டிக்கொண்டு வரும். ஒன்பது மணிக்கு வந்து பார்ப்பவருக்கு இது தெரியாது. அதனால்தான் கடைக்குப் போன இலையிலும் தெரிவதில்லை.

இந்தப் பூஞ்சாணம் தன் வித்துகளை இரவின் பிற்பகுதியில், இலை நனைந்திருக்கும்போது உண்டாக்கி, விடியும் முன் காற்றில் விடுகிறது. வெயில் பட்டால் அவை காய்ந்து போகும். அவை சென்று பிடிப்பது முளைத்து மூன்று நான்கு வாரத்துக்குள் இருக்கும் இளஞ்செடியை. வளர்ந்த செடியில் பெரிதாகப் பலிக்காது. இதிலிருந்து ஒரு நடைமுறைச் செய்தி கிடைக்கிறது. ஒரே ஊரில் முதலில் விதைத்தவன் வயலில் நோய் வந்தால், இருபது நாள் கழித்து விதைத்த அடுத்த வயல்காரனுக்கே அடி அதிகம். ஆடியில் ஒருவர், ஆவணிக் கடைசியில் ஒருவர், புரட்டாசியில் ஒருவர் என்று தொடர்ச்சியாக இளம்பயிர் இருந்துகொண்டே இருந்தால் நோய்க்கு ஆண்டு முழுவதும் பந்தி.

தமிழ்நாட்டில் பரவலாக இருக்கும் வகை வெள்ளைச் சோளத்திலும் வரும். மாட்டுக்கென்று தீவனச் சோளம் ஓரமாக வைத்திருந்தால் அதையும் திருப்பிப் பாருங்கள். அதன் தடித்த வித்து மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

பிடித்த செடியைக் காப்பாற்ற வழியில்லை. பின்னால் செடியின் உச்சியில் ஆண் பூ வர வேண்டிய இடத்தில் இலைக் கொத்தாகக் கோணி நிற்கும், கதிர் வராது. பிடுங்கி எரித்துவிடுங்கள். செலவு செய்ய வேண்டியது விதைக்கும் முன்: விதைக்கு மெட்டலாக்சில் என்ற பூஞ்சாண மருந்தால் நேர்த்தி, கிலோவுக்கு ஆறு கிராம். பையிலிருந்து வரும் விதை சிவப்பாகவோ பச்சையாகவோ இருப்பதாலேயே இந்த நேர்த்தி நடந்துவிட்டது என்று எண்ணக் கூடாது. என்ன மருந்து பூசியது என்று சீட்டில் எழுதியிருக்கும், படியுங்கள். நோய் வழக்கமாக வரும் வயலில் இருபதாம் நாள் மெட்டலாக்சிலும் மேங்கோசெப்பும் கலந்த மருந்தை லிட்டருக்கு இரண்டரை கிராம் தெளிக்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட மலிவான மருந்து ரகம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர்ப்பெருக்கத் துறையினர் இந்த ஒரு நோய்க்காகவே மிகப் பெரிய பாடுபட்டிருக்கிறார்கள். நோய் எளிதில் பிடிக்கும் ரகத்தை முதலில் வரிசையாக நட்டு, அதில் நோயை வேண்டுமென்றே வளரவிட்டு, நடுவில் சோதனை வரிசைகளை விதைத்து, தாக்குப்பிடிப்பவற்றை மட்டும் பொறுக்குவது அவர்கள் முறை. எதிர்ப்புத் திறன் ஒரே மரபணுவில் உட்கார்ந்திருந்தால் வேலை சுலபம்; இதில் பல இடங்களில் சிதறியிருக்கிறது. அதனால் இப்போது மரபணுக் குறியீடுகளை வைத்து, நல்ல விளைச்சல் தரும் ஆனால் நோய் தாங்காத தாய் வரிசைகளுக்குள் எதிர்ப்பை ஏற்றுகிறார்கள். 2012-இல் வெளிவந்த கோ 6 வீரிய ஒட்டு அடிச்சாம்பல் நோயைத் தாங்கக்கூடியது. திண்டுக்கல் மாவட்டம் வாகரையில் மக்காச்சோளத்துக்கென்றே தனி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. விதை வாங்கும்போது "விளைச்சல் எத்தனை மூட்டை?" என்று கேட்கிற நாம், "அடிச்சாம்பல் தாங்குமா?" என்று கேட்பதில்லை. கேட்டால் கடைக்காரரும் நிறுவனத்திடம் கேட்க ஆரம்பிப்பார்.

குருத்தில் மரத்தூள் போலக் கழிவு

2018-க்கு முன் இந்தத் தலைப்பே தேவைப்பட்டிருக்காது. அமெரிக்கக் கண்டத்துப் படைப்புழு 2016-இல் ஆப்பிரிக்காவில் இறங்கி, 2018-இல் கர்நாடகத்தில் காணப்பட்டு, அதே ஆண்டு நம் வயல்களுக்கும் வந்துவிட்டது. அந்துப்பூச்சி ஒரே இரவில் நூறு கிலோமீட்டர் பறக்கக்கூடியது. வரப்பு அதற்குப் பொருட்டில்லை.

குருத்தைப் பிரித்துப் புழுவை வெளியே எடுங்கள். தலையில் தலைகீழ் ஒய் வடிவத்தில் வெள்ளைக் கோடு, வால் பக்கத்துக்குச் சற்று முன்னால் நான்கு கரும்புள்ளி சதுரமாக இருந்தால் படைப்புழு. இவை இல்லாமல், விரிந்த இலையில் ஊசியால் குத்தியதுபோல் வரிசையாகத் துளை, நடுக்குருத்து காய்ந்து இழுத்தால் கையோடு வருகிறது என்றால் பழைய எதிரியான தண்டுத் துளைப்பான்.

படைப்புழுவில் எல்லாமே காலக் கணக்கு. முட்டை குவியலாக, மேலே பஞ்சு போர்த்தி, இலையில் ஒட்டியிருக்கும். நூறுக்கும் மேலே இருக்கும். அந்த இலைத் துண்டைக் கிள்ளி நசுக்கினால் நூறு புழு போயிற்று, காசு செலவில்லை. பொரித்த சிறு புழு இலையின் பச்சையை மட்டும் சுரண்டும். இலையைச் சூரியனுக்கு எதிரே பிடித்தால் கண்ணாடி ஜன்னல்போல் வெளிச்சம் தெரியும். மருந்து அடிக்க வேண்டிய நேரம் இதுதான். மூன்றாம் வளர்ச்சிப் பருவத்துக்கு மேல் புழு குருத்துக்குள் இறங்கி, தன் கழிவாலேயே வாசலை அடைத்துக்கொள்கிறது. ஒன்றையொன்று தின்று, குருத்துக்கு ஒன்றுதான் மிஞ்சும். மரத்தூள் கண்ணில் பட்ட பிறகு அடிக்கும் மருந்து பாதிக்கு மேல் வீண். அப்படியிருந்தும் நம் ஊரில் முதல் தெளிப்பே அப்போதுதான் நடக்கிறது.

ஆகவே ஒழுங்கு இப்படி இருக்க வேண்டும். கடைசி உழவில் ஏக்கருக்கு நூறு கிலோ வேப்பம் புண்ணாக்கு. சயான்ட்ரனிலிபுரோலும் தயாமீத்தாக்சமும் கலந்த மருந்தால் விதை நேர்த்தி. முதல் இரண்டு மூன்று வாரம் இது காக்கும். ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி, ஆண் அந்து விழுகிறதா என்று தெரிந்துகொள்ள. அதன் பிறகு வாரம் இருமுறை வயலுக்குள் நடந்து, ஐந்து இடத்தில் இருபது செடியாக நூறு செடி பாருங்கள். இளம்பயிரில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துச் செடியில் ஜன்னல் தெரிந்தால் தெளிக்கலாம். அதற்குக் குறைவென்றால் வேப்ப எண்ணெய் சார்ந்த மருந்து அல்லது கையால் நசுக்குவதே போதும்.

தெளிக்க எமாமெக்டின் பென்சோயேட் ஐந்து சதவீதக் குருணை லிட்டருக்கு 0.4 கிராம், குளோரான்ட்ரனிலிபுரோல் 18.5 சதவீதத் திரவம் லிட்டருக்கு 0.4 மில்லி, ஸ்பினிடோரம் 11.7 சதவீதத் திரவம் லிட்டருக்கு 0.5 மில்லி. ஒன்றை ஒருமுறை அடித்தால் அடுத்தமுறை இன்னொன்று. மூன்றையும் ஒரே டேங்கில் ஊற்றுவது மருந்துக்குப் பழகிய புழுவை நாமே வளர்ப்பது. அளவைக் காட்டிலும் முக்கியம் முனை எங்கே பார்க்கிறது என்பது. இலை மேல் பனிபோல் விழுந்த மருந்து குருத்துக்குள் இருக்கும் புழுவுக்குப் போய்ச் சேராது. முனையைக் குருத்துக்கு நேராகப் பிடித்து, செடி செடியாக, காலையிலோ மாலையிலோ ஊற்றுவதுபோல் தெளிக்க வேண்டும். ஆள் கூலி கூடும், உண்மைதான். ஆனால் ஒரு ஒழுங்கான தெளிப்பு மூன்று அவசரத் தெளிப்புக்கு ஈடு. சிறு வயல்காரர்கள் ஒன்பது பங்கு மணலும் ஒரு பங்கு சுண்ணாம்பும் கலந்து குருத்தில் ஒரு சிட்டிகை போடுகிறார்கள். இதையும் அரசு ஆராய்ச்சி நிறுவனங்களின் அறிவுரையிலேயே பார்க்கலாம்.

ஆண் பூ வெளிவந்த பின் மருந்து வேண்டாம். தட்டையை மாட்டுக்கு வெட்டுபவர்கள் மருந்தடித்த பின் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று லேபிளில் பாருங்கள். கறவை மாட்டின் தொட்டிக்கு அந்தத் தட்டைதான் போகிறது.

இலையில் நீள நீளமாகக் கருகல்

சுருட்டு வடிவத்தில், நீளமாக, சாம்பல் கலந்த பழுப்பில் கீழ் இலையில் தொடங்கி மேலே ஏறினால் டர்சிகம் இலைக்கருகல். குளிர்ச்சியும் நீண்ட நேரப் பனியும் இதற்குப் பிடித்தவை. ஆகவே சேர்வராயன், கல்வராயன் மலைகளிலும் அடிவாரத்திலும் கார்த்திகை, மார்கழியில் பாருங்கள். சமவெளியின் வெப்பத்தில் வருவது பெரும்பாலும் மேடிஸ் கருகல். புள்ளி சிறிது, நரம்புகளுக்குள் அடங்கிக் கட்டம் கட்டமாக இருக்கும். இரண்டுக்கும் மேங்கோசெப் லிட்டருக்கு இரண்டு கிராம் வேலை செய்யும். கதிர் இலைக்கு மேல் சுத்தமாக இருந்து, மணி பால் கட்டிவிட்டதென்றால் செலவு செய்ய வேண்டாம். கையில் ஒட்டும் செம்பழுப்புப் பொடி இரு பக்கமும் கொப்புளமாக வந்தால் துரு. அதற்கும் அதே கணக்கு.

மேடிஸ் கருகலுக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1970-இல் அமெரிக்காவில் பயிரிட்ட ஒட்டு ரகங்களில் பெரும்பகுதி ஒரே வகை மலட்டு ஆண் பூத் தாயிடமிருந்து வந்தவை. விதை உற்பத்தியில் ஆண் பூவைக் கையால் கிள்ளும் கூலியை மிச்சப்படுத்த அப்படிச் செய்தார்கள். அந்தத் தாய்க்கென்றே ஒரு மேடிஸ் இனம் கிளம்பி, நாட்டு விளைச்சலில் ஏறக்குறைய 15 சதவீதத்தை ஒரே பருவத்தில் தின்றுவிட்டது. ஒரு ஊர் முழுக்க ஒரே நிறுவனத்தின் ஒரே ரகத்தை, பக்கத்து வீட்டுக்காரர் கதிரைப் பார்த்து விதைக்கும்போது எனக்கு இது நினைவுக்கு வரும். இரண்டு ஏக்கர் இருந்தால் இரண்டு ரகம் போடுங்கள்.

கதிரில் மணி பிடிக்கவில்லை

எல்லாம் செய்த பின்னும் ஏமாற்றுவது இது. மட்டையை உரித்தால் வழுக்கைத் தலை. இதை அறுவடையில் கண்டுபிடிப்பதில் என்ன பலன்? கதிர் நுனியில் பட்டு நூல் வந்து ஒரு வாரத்திலேயே தெரிந்துகொள்ளலாம்.

ஒரு கதிரை ஒடித்து, மட்டையை மட்டும் கத்தி நுனியால் அடியிலிருந்து நுனி வரை நீளவாக்கில் கீறி, பட்டு நூல் அறுந்துவிடாமல் மெதுவாக ஒவ்வொரு மட்டையாக நீக்குங்கள். பிறகு அடியைப் பிடித்துக்கொண்டு கதிரைக் கீழ்நோக்கி உதறுங்கள். ஒவ்வொரு நூலும் ஒரு சூலில் முளைத்தது. மகரந்தம் சேர்ந்து கருவுற்ற சூலின் நூல் இரண்டு மூன்று நாளில் அடியில் கழன்றுவிடும், உதறினால் விழும். கருவுறாதது ஒட்டிக்கொண்டே தொங்கும். உதறிய பின் எந்தப் பகுதியில் நூல் மிஞ்சுகிறது என்று பாருங்கள். காரணம் அங்கேயே எழுதியிருக்கும்.

நுனியில் மட்டும் நூல் மிச்சம் என்றால் பெரிய குற்றமில்லை. கதிரில் நூல் அடியிலிருந்து முதலில் வரும், நுனியில் கடைசியாக. அதற்குள் மகரந்தம் தீர்ந்திருக்கும். கொஞ்சம் நெருக்கம், கொஞ்சம் சத்துக் குறைவு. அங்கங்கே சிதறலாக என்றால் மகரந்தம் போதவில்லை, அல்லது வெயிலில் செத்துவிட்டது. நூல் எல்லாம் மட்டை வாயில் குட்டையாக வெட்டப்பட்டிருந்தால் புழுவோ வண்டோ தின்றிருக்கிறது. நூல் எல்லாமே விழுந்துவிட்டது, ஆனால் பத்து நாள் கழித்து மணி சூம்பிப் போகிறது என்றால் மகரந்தத்தின் மேல் பழி போடாதீர்கள். தண்ணீருக்கோ உரத்துக்கோ பிறகு தட்டுப்பாடு வந்திருக்கிறது.

எல்லாவற்றிலும் மோசமானது ஆண் பூ கொட்டி முடிந்த பிறகு நூல் தலைகாட்டுவது. மக்காச்சோளச் செடி வறட்சியில் முதலில் கைவிடுவது கதிரைத்தான். நீர்த் தட்டுப்பாட்டில் ஆண் பூ தன் நாளுக்கு வந்துவிடும், நூல் மட்டும் ஐந்தாறு நாள் பின்தங்கும். மெக்சிகோவில் உள்ள பன்னாட்டு மக்காச்சோள ஆராய்ச்சி மையம் 1970-களில் வறட்சி தாங்கும் ரகம் தேடியபோது இந்த இடைவெளியைத்தான் அளந்தது: நீர் நிறுத்திய வயலில் ஆண் பூவுக்கும் நூலுக்கும் இடைவெளி குறைவாக உள்ள செடிகளைப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்தார்கள். இன்றைய பல வெப்பமண்டல ரகங்களின் வறட்சித் தாக்குப்பிடிப்புக்கு அடிப்படை அதுவே. வயலில் நீங்களும் அளக்கலாம். இரண்டு மூன்று நாளுக்குள் இரண்டும் வந்தால் சரி.

நம் கையில் இருப்பது இரண்டு. ஒன்று, கிணற்றில் உள்ள நீர் எட்டுப் பாய்ச்சலுக்குப் போதாது என்றால், பூக்கும் காலத்துக்கு முன்னும் பின்னுமான இரண்டு பாய்ச்சலை முதலில் ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதைப் பங்கு போடுவது. இரண்டு, நாள். தைப்பட்டத்தில் தாமதமாக, மாசி தொடங்கி விதைத்தால் பூ சித்திரை வெயிலில் வரும். சேலத்து ஏப்ரல் வெயிலில், காற்றும் காய்ந்திருக்க, மகரந்தம் சில நிமிடங்களிலேயே உயிர் விடும். மகரந்தம் உதிர்வது பெரும்பாலும் காலையில். அந்த நேரத்தில் மண் ஈரமாக இருக்கும்படி முந்தைய மாலை பாய்ச்சுங்கள். பல்கலைக்கழகத்தின் மக்காச்சோள மேக்சிம் என்னும் ஊட்டச்சத்துக் கலவையை ஏக்கருக்கு மூன்று கிலோ வீதம் ஆண் பூ வரும்போதும் மணி பிடிக்கும்போதும் தெளித்தால் நுனி வரை மணி கட்ட உதவும். நூல் வராத கதிரை அதுவும் காப்பாற்றாது.

பூத்த பின் திடீரென்று காய்ந்து சாய்கிறது

காற்றடித்துச் சாய்ந்ததா, தண்டு அழுகிச் சாய்ந்ததா? வளர்பருவத்தில் காற்றில் சாய்ந்த செடி இரண்டு மூன்று நாளில் கழுத்தை வளைத்து நிமிரும். தூக்கிக் கட்ட வேண்டாம், தூக்கினால்தான் வேர் அறும். அழுகல் என்றால் தரையிலிருந்து இரண்டாம் மூன்றாம் கணுவைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பஞ்சுபோல் அமுங்கினால் தண்டைப் பிளந்து பாருங்கள்.

உள்ளே சோறு கரைந்து, நார் மட்டும் நூல் நூலாக மிஞ்சி, அதன் மேல் கடுகைவிடச் சிறிய கரும்புள்ளிகள் படிந்திருந்தால் கரிக்கோல் அழுகல். வறட்சியும் வெப்பமும் பூத்த பின் சேர்ந்து வந்தால் வருவது இது. இளஞ்சிவப்பு ஓடியிருந்தால் பியூசேரியம். வழுவழுவென்று நீர் கோத்து, மூக்கைப் பிடிக்கும் நாற்றம் என்றால் பாக்டீரிய அழுகல். அதற்குக் காரணம் நேர் எதிர், தேங்கிய தண்ணீர். வசிஷ்ட நதி ஓரத்துத் தாழ்ந்த வயல்களில் மழைக்காலத்தில் பார்க்கலாம். வடிகால் வெட்டுவதைத் தவிர வேறு உருப்படியான வழி இல்லை.

கரிக்கோல் அழுகலுக்கும் மருந்து தேடாதீர்கள். கதிர் நிரம்பும்போது இலை போதிய உணவு தயாரிக்க முடியாமல் போனால் செடி தன் தண்டில் வைத்திருந்த சர்க்கரையைக் கதிருக்கு அனுப்புகிறது. வெறுமையான தண்டில் பூஞ்சாணம் குடியேறுகிறது. ஆகவே பொட்டாஷ், அளவான செடி எண்ணிக்கை, பூத்த பின் நீர் காட்டுவது ஆகியவையே தடுப்பு. மரவள்ளி எடுத்த நிலத்தைப் பற்றி மேலே சொன்னது இங்கேதான் வந்து சேர்கிறது. கணு அமுங்கும் செடி வயலில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் என்றால் நாள் பார்க்காமல் சீக்கிரம் அறுத்துவிடுங்கள்.

போன வருடத்து நல்ல கதிரிலிருந்து விதை எடுத்தேன், இப்போது ஒன்று நெட்டை ஒன்று குட்டை

வீரிய ஒட்டு என்பது இரண்டு நோஞ்சான் வரிசைகளுக்குப் பிறந்த பலசாலிப் பிள்ளை. 1908-இல் ஜார்ஜ் ஷல் என்ற அமெரிக்கர் இந்த வித்தையைக் காட்டினார்: தன் மகரந்தத்தையே சேர்த்துச் சேர்த்து மெலியவைத்த இரண்டு வரிசைகளை ஒட்டினால், பிறப்பது இரண்டையும் மிஞ்சும். இந்தியாவில் கங்கா ஒட்டு ரகங்கள் 1961-இல் வந்தன. கோ 6-உம் இப்படி இரண்டு வரிசைகளின் ஒட்டுத்தான். அதன் கதிரிலிருந்து எடுத்த விதையில் பெற்றோரின் குணங்கள் கலைத்துப் போட்ட சீட்டாகப் பிரிந்துவிடும். உயரம், பூக்கும் நாள், நோய் எதிர்ப்பு எல்லாமே செடிக்குச் செடி மாறும். விதைக்காசை மிச்சம் பிடிக்க நினைத்தால் அதைவிடப் பெரிய தொகை விளைச்சலில் போகும்.

புதிதாக வாங்கிய ஒட்டு விதையிலேயே இப்படி வந்தால் அது வேறு விஷயம். பை, சீட்டு, பில், கைப்பிடி விதை நான்கையும் அறுவடை வரை வைத்திருங்கள். செடி நிற்கும்போதே வேளாண் விரிவாக்க மையத்தில் எழுத்தில் கொடுங்கள். தட்டை வெட்டிய பிறகு யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது.

மில்லில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்

நாமக்கல் கோழித் தீவன ஆலைகளுக்குப் போகும் சோளத்தில் முதலில் பார்ப்பது ஈரப்பதம், அடுத்தது பூஞ்சாணம். ஈரத்தோடு குவித்த மணியில் பச்சை மஞ்சளாகப் படரும் பூஞ்சாணம் அப்லாடாக்சின் நஞ்சை உண்டாக்குகிறது. மட்டை காய்ந்ததை மட்டும் பார்த்து அறுக்காதீர்கள். கதிரின் நடுவிலிருந்து ஒரு மணியைப் பிடுங்கி, கூர்முனையை நகத்தால் கீறிப் பாருங்கள். கறுப்பாக ஒரு படலம் தெரிந்தால் மணிக்குள் இனி எதுவும் ஏறாது, முதிர்ச்சி முடிந்தது. ஆனால் அப்போதும் மணியில் 30 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும். உடனே இயந்திரத்தில் அடித்தால் மணி உடையும், உடைந்த மணியில்தான் பூஞ்சாணம் முதலில் ஏறும். கதிரோடு செடியில் காயவிட்டு, மழை மிரட்டினால் ஒடித்துக் கதிராகவே களத்தில் பரப்பி, பிறகு அடியுங்கள்.

அடித்த மணியைத் தார்ச்சாலையில் கொட்டாமல் தார்ப்பாயில் பரப்பி, மாலையில் குவித்து மூடி, காலையில் பனி காய்ந்த பிறகே மறுபடி விரியுங்கள். கூட்டுறவு சங்கத்திலோ மண்டியிலோ ஈரமானியில் 14 சதவீதம் காட்டிய பிறகு மூட்டை கட்டுங்கள். புழு தின்ற கதிரையும் நுனியில் பூஞ்சாணம் பூத்த கதிரையும் அடிக்கும் முன்பே தனியாக ஒதுக்கிவிடுங்கள். அவற்றை மாட்டுக்கும் போடக் கூடாது.